கூறைச் சேலையும் என் மடக்குக் கத்தியும்

பிள்ளைகளே, ஃபவுண்டேஷனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதையெல்லாம் நீங்கள் ஃபோனிலேயே பார்த்துக் கரைத்துக் குடித்துவிட்டீர்கள். கொண்டை, ஜடை, கொசுவம் எல்லாம் கை பழகப் பழகத் தானாக வரும். கொழும்பில் மணப்பெண்ணை உடுத்திச் சோடித்துப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்து, முழங்கால் இரண்டும் சேர்ந்து "போதுமடி" என்று சொன்ன பிறகு வீட்டில் குந்தியிருக்கிறவள் நான். ஆனால் கைப்பைக்குள் எந்தக் கத்தியை வைத்திருப்பது என்று கேட்டுப் பாருங்கள். தெஹிவளையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கும் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவேன்.

சிரிப்பு வருகிறதா? மணப்பெண்ணைச் சோடிக்கிறவளுக்குக் கத்தி எதற்கு என்றுதானே? ஊசி, ஊக்கு, நூல், கத்தரிக்கோல் எல்லாம் உங்கள் பெரிய பெட்டிக்குள் அழகாக அடுக்கியிருக்கும், தெரியும். பெட்டி மேல் மாடி அறையில் இருக்கும். பொம்பிளை கீழே காருக்குள் இருப்பாள். அவளுடைய நெற்றிச்சுட்டியின் கொக்கி நிமிர்ந்திருக்கும், மாலைக் கம்பி கழுத்தில் குத்திக்கொண்டிருக்கும், புதுச் செருப்பின் வார் கையோடு வந்திருக்கும். லிஃப்ட்டுக்குள் மாப்பிள்ளை வீட்டார் சீர்த் தட்டங்களோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் கைக்கு எட்டுவது கைப்பை மட்டும்தான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். புல்லை வைத்துக் கொக்கியை நெளிக்க முடியுமா? அதனால்தான் சொல்கிறேன், குறடும் கத்தரியும் ஒன்றாக மடங்கிய ஒரு மல்டி டூல் உங்களிடம் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. என்னுடைய முதல் கத்தி ஒரு மச்சான் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து தந்தது. சிவப்பு நிறம், கொழுத்த உடம்பு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போத்தல் திறக்க ஒன்று, மரம் அறுக்க ஒன்று, மீன் செதில் சுரண்ட ஒன்று என்று அதற்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. கல்யாண வீட்டில் மணவறைக்குப் பக்கத்தில் இருந்து யாரம்மா மீன் செதில் சுரண்டப் போகிறார்கள்? ஒரு நாள் பம்பலப்பிட்டியில் ஒரு பிள்ளையின் ரிசெப்ஷன் கவுனில் ஸிப் பிடித்துக்கொண்டது. கத்தரியைத் தேடி ஒவ்வொன்றாக இழுக்கிறேன். தக்கை திறக்கிற சுருள் வந்தது. பிறகு வாள் வந்தது. அந்தப் பிள்ளை கண்ணாடியில் என் கையையும் வாளையும் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். ஸிப் சரிவந்துவிட்டது, கண் மேக்கப்பைத்தான் முதலில் இருந்து போட வேண்டியதாயிற்று. நிறைய இருப்பது நல்லது என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு தேவையானதை மட்டும் இழுக்க முடியாவிட்டால் அது உங்கள் கருவி இல்லை.

இரண்டாவது, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினது. மினுக்கம் என்றால் அப்படி ஒரு மினுக்கம்! ஒரு காப்பை நெளிக்கப் போனேன், காப்பு அப்படியே இருந்தது, குறடு நெளிந்தது. அதோடு விட்டதா? அதன் சின்னத் திருகாணி ஒன்று கழன்று பொம்பிளையின் ஜடைக்குள் விழுந்துவிட்டது. அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டில் தலை சீவும்போதுதான் கிடைத்ததாம். இது எங்கே பூட்ட வேண்டியது என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

மூன்றாவது முறை நான் கெட்டிக்காரியாகப் போனேன். காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வெயார் கடை. கையோடு பட்டு நூல், ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, ஒரு துண்டுச் சரிகை எல்லாம் கொண்டுபோனேன். கடைக்கண்ணாடிக்கு மேலே அதையெல்லாம் பரப்பினதும் நானா என்னையும் பார்த்தார், சாமானையும் பார்த்தார்.

"அக்கா, கத்தி வாங்க வந்தீங்களா, சட்டை தைக்க வந்தீங்களா?"

"உங்கட கத்தி என்ன செய்யும் எண்டு பாக்க வந்தனான். எல்லாத்தையும் எடுங்கோ, நானா."

எடுத்தார். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இடது கையில் கொசுவத்தைப் பிடித்திருக்கிற மாதிரிச் சேலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் திறந்தேன். பாதி அங்கேயே தோற்றுவிட்டன. தண்ணீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு திறந்தேன், ஏனென்றால் மல்லிகைப் பூ தொட்ட கை எப்போதும் ஈரம்தான். கத்தரியின் நுனியால் ஒற்றை நூலை வெட்டினேன். கத்தரிகளில் பல, நடுவில் வெட்டும், நுனியில் மென்று துப்பும். நமக்கு வேண்டியது நுனி. குறட்டால் அந்தப் பொட்டளவு கொக்கியைக் கவ்விப் பார்த்தேன். இதற்குள் தண்ணீர்க் குழாய் வாங்க வந்த ஒருவர் தன் வேலையை மறந்து, "அந்தக் கறுப்பை ஒருக்காப் பாருங்கோ" என்று யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார். நானாவுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. உள்ளே போய்ப் பெட்டி உடைக்காத ஒன்றைக் கொண்டுவந்தார்.

கைக்குள் வைத்ததும் தெரிந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. ஓரங்கள் மழுங்கல், பட்டில் உரசினாலும் நூல் இழுபடாது. குறடு முதலில் வெளியே வரும். கத்தி தன் பாட்டுக்கு உள்ளே மடங்கிக் கிடக்கும், நான் கேட்டால்தான் வரும். கத்தரி நுனியில் நூல் 'டிக்' என்று அறுந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பிடிச்சிருக்கு போல?" என்றார் நானா.

"பிடிச்சிருக்கோ! இதுக்கு முதல் வாங்கினதெல்லாம் கத்தியே இல்லை, நானா!"

விலையைச் சொன்னால் நீங்கள் மயங்கிவிடுவீர்கள், வேண்டாம். வீட்டுக்கு வந்து திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை தோற்றுவிடும். என் மனுசன் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கத்தி முதலில் வெளியே வராத கருவியைத் தேடுங்கள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் கொழும்பில் வேலை செய்கிறீர்கள். பெரிய ஹோட்டல்களில் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு முறை காவலுக்கு நின்ற சிங்களப் பெடியன் இதை எடுத்து உயர்த்திப் பிடித்தான். "நோனா, மே பிஹியக் நே?" கத்திதானே இது என்று கேட்கிறான். பின்னால் பொம்பிளையின் சொந்தக்காரர் முழுப்பேரும் வரிசையில் நிற்கிறார்கள். நான் பதறவில்லை. "நே மல்லி, கத்துரக்", இல்லைத் தம்பி, கத்தரிக்கோல் என்று சொல்லிக் கத்தரியைத் திறந்து, அவனுடைய சட்டைக் கையில் தொங்கிக்கொண்டிருந்த நூலை 'டிக்' என்று வெட்டிவிட்டேன். அவன் தன் கையைப் பார்த்தான், சிரித்தான், பையை மூடித் தந்தான். உள்ளே கத்தியும் இருக்கிறது என்று பிறகு நானே காட்டினேன். சின்னது என்று அளந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஒளித்துக்கொண்டு போயிருந்தால் அடுத்த கல்யாணத்துக்கு அந்த வாசலில் என்னை விட்டிருக்க மாட்டான்.

சரி, இனித்தான் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். ரயில் போனால் ஐயரின் மந்திரம் கேட்காது, அப்படி ஒரு இடம். பொம்பிளை சரண்யா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தாய் தகப்பன் மலைநாட்டில் தோட்டத்தில் இருந்து வந்து கொழும்பில் நிலைத்தவர்கள். மாப்பிள்ளை வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை செய்து விரும்பினவர்கள். பெடியன் ஒற்றைக்காலில் நின்றபடியால் தாய் சம்மதித்தார். சம்மதித்தார் என்று சொல்லலாம், சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். ஆனால் சரண்யா "வாங்க மாமி", "இருங்க மாமி" என்று தன் மலைநாட்டுப் பேச்சில் கதைக்கும்போதெல்லாம் அவருடைய புருவம் ஒரு தரம் மேலே போய்விட்டு வரும். அதைச் சரண்யாவும் கண்டிருந்தாள். "அன்ரி, கல்யாணத்தன்னைக்கு நான் ஒரு பிழையும் விட்டுறக் கூடாது. அவங்க அதத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் எப்போதும் கூறைச் சேலையை முன்கூட்டியே விரித்துப் பார்த்துவிடுவேன். கூறை என்றால் உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் வாங்குவது, தாலி கட்டும்போது உடுத்துவது. இந்த முறை மாப்பிள்ளையின் தாயாரிடம் ஃபோனில் கேட்டேன். "கூறையை மணவறைக்கு முதல் விரிக்கிற வழக்கம் எங்கட வீட்டில இல்லை. நான் சென்னைக்குப் போய் என்ர கையால தெரிஞ்சு எடுத்தது. மடிப்புக் குலையக் கூடாது" என்றார். ஒரு படம் மட்டும் அனுப்பினார். நானும் அந்த நிறத்துக்கு ஏற்ற துணி எடுத்து ஜாக்கெட் தைப்பித்தேன். அவரவர் வீட்டு வழக்கம், நாம் யார் கேட்க?

கல்யாண நாள் வந்தது. கூறைத் தட்டம் சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். மாப்பிள்ளை எழுந்து பொம்பிளையின் கையில் கொடுத்தார். இனி அதை உடுத்திக்கொண்டு அவள் திரும்பி வந்தால் தாலி. சரண்யா, தோழியாக நின்ற மாப்பிள்ளையின் அக்கா கௌரி, நான், மூன்று பேரும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினோம். நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. கட்டியிருந்த சேலையை மளமளவென்று கழற்றினேன். கூறையைத் தூக்கி உதறினேன்.

விரியவில்லை.

மறுபடி உதறினேன். நடுமடிப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கடைகளில் களவு போகாமல் இருக்கச் சேலையில் ஒரு பிளாஸ்டிக் பூட்டுக் கொழுவி விடுவார்களே, அது! ஒரு பக்கம் தடித்த கறுப்புக் கட்டி, மறுபக்கம் பொத்தான் மாதிரி ஒரு தட்டு, நடுவில் கம்பி. கம்பி முந்தானையையும் உள்மடிப்பையும் சேர்த்துக் குத்தியிருந்தது. கடைக்காரன் கழற்ற மறந்திருக்கிறான். வாசலில் கத்த வேண்டிய கருவி அன்றைக்கு மௌன விரதம் போல. அதோடு சேலை கடல் கடந்து வந்து, தட்டத்தில் ஏறி, அத்தனை பேரின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. யாரும் விரித்துப் பார்க்கவில்லையே!

"ஐயோ அன்ரி, இது என்னண்டு கழட்டுறது?" கௌரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளுக்க செருகி விடுங்கோவன்."

"செருகலாம் பிள்ளை, சேலை விரிஞ்சால். இது ரெண்டு மடிப்பையும் சேத்தெல்லோ பிடிச்சிருக்கு."

என் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போய்விட்டது. மல்டி டூல் வந்தது, கத்தியும் திறந்துவிட்டது. கட்டிக்கும் துணிக்கும் இடையில் நுனியை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும் என்று கை சொல்கிறது. பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப் பழக வேண்டும். பதறாத காரியம் சிதறாது. நான் நின்றேன். கத்தியை மூடினேன். அந்தக் கட்டியைக் கண்ணாடி லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் விரல்நக அளவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் நீலமாக ஏதோ ஆடியது.

மை! யாராவது நெம்பி உடைத்தால் துணி நாசமாக வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் நெம்பியிருந்தால் அந்த அரக்குச் சிவப்புக் கூறையில், தாலி கட்டப் போகிற நேரத்தில், நீல மை! எனக்கு இப்போது சொல்லும்போதும் உடம்பு கூசுகிறது.

கதவில் தட்டினார்கள். "ஐயர் கேக்கிறார், பொம்பிளை வெளிக்கிட்டாச்சோ?"

"கொஞ்சம் பொறுங்கோ!" என்றேன். குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும், அறைக்குள் கூரையே விழுந்தாலும்.

கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாக்குச் சொல்லாதேங்கோ, அன்ரி. என்னவாவது செய்து கழட்டிவிடுங்கோ. அவ ஏற்கனவே..." மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கூறையில் ஏதாவது நடந்தால் இந்தப் பிள்ளை காலடி வைக்கும்போதே அபசகுனம் என்று ஒரு பேச்சு வரும். பிழை கடைக்காரனுடையது என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? சரண்யாவின் தலையில்தான் விழும், ஆயுளுக்கும்.

மூன்று பெண்கள், பூட்டிய கதவு. சத்தமில்லாமல் முடித்துவிடலாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மை பாய்ந்துவிட்டால்? அறைக்குள் ஒளித்து வைத்து ஏதோ செய்தார்கள் என்றல்லவா வரும்? நான் சரண்யாவைப் பார்த்தேன். உள்பாவாடையும் ஜாக்கெட்டுமாக, கழுத்து நிறைய நகையோடு நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் குரல் வெளிறவில்லை.

"மாமியக் கூப்பிடுங்க, அன்ரி."

"சரண்யா, வேண்டாம்!" என்றாள் கௌரி.

"இல்லங்க மச்சாள். அவங்க கையால எடுத்த சேல. அவங்களுக்குத் தெரியாம அதில ஒண்ணும் செய்யக் கூடாது. பிழைன்னு சொன்னா என் முகத்துக்கு நேர சொல்லட்டும்."

அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. நேரம் எங்கே? கௌரி கதவை ஒருச்சாய்த்துத் தாயைக் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். மயில்கழுத்து நிறப் பட்டு, நிமிர்ந்த நடை. உள்ளே வந்ததும் சேலை உடுத்தாமல் நிற்கிற மருமகளைத்தான் முதலில் கண்டார். புருவம் போனது மேலே.

"என்ன இது? சபை முழுக்கக் காத்துக்கொண்டிருக்கு. கனடாவில இருந்து சனம் நித்திரை முழிச்சு ஃபோனில பாத்துக்கொண்டு இருக்குது. இன்னும் உடுக்கேல்லையோ?"

நான் கூறையை அவர் கைக்குக் கொடுத்தேன். அவருடைய விரல் அந்தக் கட்டியில் தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நிமிர்ந்த முதுகு மெல்லத் தளர்ந்தது. பக்கத்தில் இருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

"நான்தான் விரிக்க வேண்டாம் எண்டனான்" என்றார். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. குறை தேட வந்த கண்ணுக்குத் தன் குறையே அகப்பட்டால் அது எவ்வளவு சுடும்! அங்கே யாராவது ஒரு சொல் கூடச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அன்றைக்கே இரண்டாகியிருக்கும். சரண்யா சொல்லவில்லை. கதிரைக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவருடைய கையைப் பிடித்தாள்.

"மாமி, சேல ரொம்ப அழகா இருக்கு. நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

அவர் என்னைப் பார்த்தார். "கூறையில கத்தி படக் கூடாது, தங்கச்சி."

"கத்தி படாது, அக்கா. இஞ்ச பாருங்கோ." மல்டி டூலை அவர் கண்ணுக்கு முன்னால் திறந்தேன். குறடு மட்டும் வந்தது. கத்தி, கத்தரி எல்லாம் மடங்கியபடியே உள்ளே கிடந்தன. "இது வெறும் குறடு. இந்தத் தடிச்ச பக்கத்தை நான் தொடவே மாட்டன், அதுக்குள்ள மை இருக்கு. மற்றப் பக்கத்துப் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமா நொறுக்கி எடுத்தால் கம்பி மட்டும்தான் மிஞ்சும். கம்பியின்ர தலையை வெட்டினால் சேலையைக் கழட்டி எடுக்கலாம்."

"மை பாயாதோ?"

பொய் சொல்ல முடியவில்லை. "நான் இழுக்க மாட்டன். ஆனாலும் பாயாது எண்டு சத்தியம் பண்ண ஏலாது, அக்கா."

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு எழுந்து கூறையைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, தன் தோளில் ஊசி குத்தியிருந்த முந்தானையை வெடுக்கென்று உருவி எடுத்தார். அந்த மயில்கழுத்துப் பட்டைப் பல மடிப்பாக மடித்து, கறுப்புக் கட்டிக்கும் கூறைக்கும் நடுவில் செருகினார். மிச்சத்தால் கட்டியைச் சுற்றி மூடிப் பிடித்தார்.

"பாய்ஞ்சால் என்ர சேலையில பாயட்டும். நீங்கள் செய்யுங்கோ."

பிள்ளைகளே, அந்த நேரம் என் நெஞ்சு அடித்த அடி வெளியே தவில்காரருக்குக் கேட்டிருக்கும். பயம் பாதி, சந்தோஷம் பாதி. சரண்யா பொத்தானுக்குக் கீழே துணியை விரல்களால் அழுத்திப் பிடித்தாள். மாமியாரின் விரலும் மருமகளின் விரலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. நான் குறட்டு நுனியால் பொத்தானின் ஓரத்தைக் கவ்வி அழுத்தினேன். 'டக்'. ஒரு சில்லு பறந்தது. கௌரி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி 'டக்'. வெளியே கோட்டைப் பக்கம் போகிற ரயில் அறையை ஆட்டிக்கொண்டு போனது. அது போகும் வரைக்கும் கையை எடுத்துவிட்டு நின்றேன். அவசரம் என்றாலும் நிலம் ஆடுகிற நேரத்தில் வேலை செய்யாதீர்கள். பிறகு மிச்ச ஓரத்தையும் நொறுக்கினேன். கம்பியின் தலை வெறுமையாக வெளியே தெரிந்தது.

"பிடிச்சுக்கொள்ளுங்கோ, ரெண்டு பேரும்."

குறட்டின் அடிவாயில் கம்பியைக் கொடுத்து, இரண்டு கையாலும் ஒரே அழுத்து. அந்தப் புறக்கோட்டைக் குறடாக இருந்திருந்தால் இந்த இடத்தில் வளைந்து என்னைக் கவிழ்த்திருக்கும். இது வெட்டியது! கம்பியின் தலை துள்ளிப் போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. சரண்யா துணியை மெல்ல மேலே தூக்கினாள். முதல் மடிப்புக் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மையோடு அந்தக் கட்டி மாமியாரின் பட்டுக்குள் அப்படியே தங்கிவிட்டது, ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை.

"கழண்டிட்டுது!" என்று கத்தினேன். கௌரி துள்ளினாள். நாங்கள் நான்கு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தத் தாயார் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

துணியில் ஊசித்துளை அளவில் ஒரு அடையாளம் இருந்தது. நகத்தால் இரண்டு பக்கமும் நீவி விட்டேன், இழைகள் கூடிவிட்டன. அதற்குப் பிறகு நான் அந்தக் கூறையைக் கட்டின வேகத்தை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஊசி எடுத்துத் தந்தது யார் தெரியுமா? மாமியார்! வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். கொசுவத்தின் அடியைக் குந்தியிருந்து இழுத்துச் சரிபார்த்ததும் அவர்தான். கடைசியில் நான் அவருடைய முந்தானையையும் மறுபடி தோளில் குத்திவிட்டேன். பிளாஸ்டிக் சில்லுப் பட்டு அதில் ஒரு சரிகை இழை இழுபட்டிருந்தது. "இருக்கட்டும்" என்றார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல கருவியை நூறு கடை ஏறியாவது தேடி எடுங்கள், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தப் பிள்ளை "மாமியக் கூப்பிடுங்க" என்று சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஒரு பூட்டை மட்டும்தான் கழற்றியிருப்பேன். அறைக்குள் இருக்கிறவர்களில் யாருடைய பேச்சைக் கேட்பது என்பதும் நம் வேலைதான்.

கதவைத் திறந்தோம். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஐயர் கையை உயர்த்தி அவசரப்படுத்தினார். சரண்யா தலையைக் குனிந்துகொண்டு கௌரியோடு நடந்தாள். நான் பின்னால் கொசுவத்தைப் பார்த்தபடி வந்தேன். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, பொறுமை போய், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகவே சொன்னார்: "என்ன இது, பொம்பிளை பிந்தப் பிந்த நேரமெல்லோ போகுது! முதல் நாளே இப்பிடியோ?"

சரண்யாவின் தோள் ஒடுங்கியதைக் கண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் மண்டபத்தின் மறு அந்தம் வரைக்கும் போனது.

"அத்தான், பொம்பிளை எப்பவோ வெளிக்கிட்டிட்டா. நான்தான் பிந்தினனான்."

சொல்லிவிட்டு மாமியார் பெரியப்பாவைத் தாண்டி நடந்து, மருமகளின் கையைப் பிடித்து மணவறையில் ஏற்றினார். குனிந்த தலையை நிமிர்த்தாமலே சரண்யா சிரிப்பது எனக்குத் தெரிந்தது. ஐயர் தவில்காரரைப் பார்த்தார்.